மாஸ்டர் கைக்குக் கரண்ட் டெஸ்ட்

காராம்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்கில் கொப்பையா அண்ணாச்சியின் பரோட்டாக் கடை இருந்தது. கல்லுக்கு முன்னால் பெத்தணன் மாஸ்டர், சால்னாவுக்கு வெயிலுமுத்து, டீக்குப் பிச்சாண்டி, எல்லாருக்கும் மேலே முதலாளி அண்ணாச்சி. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது சுத்த அபாண்டம். அந்த ஒன்றைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கையில் மாஸ்டரின் வலது கையில் வில்லங்கம் ஆரம்பித்தது. பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய் மதமதவென்று இருந்தன. வீசின மாவு பலகைக்குத் திரும்பாமல் பிச்சாண்டியின் டீ பாய்லர் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. கொடைக்கு வெள்ளிக்கிழமை அறுநூறு பரோட்டா ஆர்டர் வேறு. கை ஏமாற்றினால் அண்ணாச்சி எதிர்க்கடை மாஸ்டரைக் கூட்டி வந்துவிடுவார். வந்தவன் கல்லை விட்டு நகரமாட்டான். பதினாலு வருஷமாக அந்தக் கல்லைத் தவிர வேறு எதன் மேலும் மாஸ்டர் ஆசை வைத்ததில்லை.

"என்ன செய்யுது மாஸ்டரே?" என்றார் அண்ணாச்சி.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு அண்ணாச்சி."

வெயிலுமுத்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எறும்பு எதுவும் இல்லை. "அப்ப உள்ள ஊருது," என்றான்.

"உள்ள எப்படிவே போச்சு?"

"எப்படிப் போச்சுன்னு விசாரிக்கிறது போலீஸ் வேலை அண்ணாச்சி. வெளிய வரவைக்கிறதுதான் நம்ம வேலை."

எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. மாஸ்டரின் கையை மேஜைமேல் நீட்டி வைத்து, விரல் நுனியில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினார்கள். அரை மணி நேரத்தில் எறும்புகள் வரிசை கட்டி வந்தன. வாசலில் இருந்துதான் வந்தன. ஆனால் நாலு பேரும் சீனியையே பார்த்துக்கொண்டிருந்ததால் வாசலைப் பார்க்க ஆள் இல்லை. "ஒரு குடும்பமே உள்ள இருந்திருக்கு, பாவம்," என்று பிச்சாண்டி உச்சுக்கொட்டினான். எறும்பு எல்லாம் சீனியோடு போன பிறகும் மதமதப்பு போகவில்லை. கடித்த இடம் மட்டும் தனியாக எரிந்தது.

திங்கட்கிழமை டவுனுக்குப் போய் நரம்பு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். பொறுமையான மனுஷி. விரல்களைத் தொட்டுப் பார்த்தார், மடக்கச் சொன்னார், மணிக்கட்டில் லேசாகத் தட்டினார்.

"மணிக்கட்டுல நரம்பு நெருக்குப்படுது. பலம் குறையல, மதமதப்பு மட்டும்தான். பட்டை தர்றேன். அதைக் கட்டிக்கிட்டு நாலு நாள் கைக்கு ஓய்வு கொடுங்க."

"கரண்ட் வச்சுப் பாப்பாங்களாமே, அது வேண்டாமாம்மா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"பார்க்கலாம். ஆனா வெறும் மதமதப்புக்கு அதுல பெருசா ஒண்ணும் தெரியாமப் போகலாம். ஆரம்பத்துல நிறையப் பேருக்கு எல்லாம் சரியா இருக்குன்னுதான் வரும். எது வந்தாலும் இப்போதைக்கு வைத்தியம் இதேதான்."

நாலு பேரும் வெளியே போய் வேப்ப மரத்தடியில் ஆலோசித்தார்கள்.

"பாத்தாலும் இதே வைத்தியம், பாக்காட்டியும் இதே வைத்தியம்," என்றான் பிச்சாண்டி. "அப்ப பாத்துரணும்."

"ஏன்?"

"பாக்காம விட்டா மட்டும் வேற வைத்தியமா தரப் போறாங்க?"

நாலு பேரும் திரும்ப உள்ளே போய் டெஸ்ட் வேண்டும் என்று நின்றார்கள். டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, வியாழக்கிழமைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "கையில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. கை சில்லுன்னு இருக்கவும் கூடாது, நல்லா சூடா வரணும்," என்று சொல்லி அனுப்பினார்.

பரோட்டா மாஸ்டர் கையில் எண்ணெய் இருக்கக் கூடாது என்பது கடலில் உப்பு இருக்கக் கூடாது என்பது மாதிரி. மாஸ்டரைக் கல்லுப் பக்கமே விடவில்லை. வந்தவர்களுக்குப் பன் கொடுத்து அனுப்பினார்கள். பட்டையை அப்போதைக்குக் கழற்றிவிட்டு, சீயக்காய் போட்டார்கள், சோடா உப்பு போட்டார்கள். புதன்கிழமை ஆகியும் கை பளபளவென்றுதான் இருந்தது. மைதா எண்ணெயை இழுக்கும் என்று வெயிலுமுத்து சொன்னதால், ஈரக் கையை அப்படியே மாவுச் சாக்குக்குள் விட்டார்கள். முழங்கை வரைக்கும் பரோட்டா மாவு அப்பிக்கொண்டது. மாவு காய்ந்துவிடக் கூடாதே என்று, பழக்க தோஷத்தில், மாஸ்டரே இடது கையால் அதன்மேல் எண்ணெயைத் தடவினார். மறுபடி முதலில் இருந்து தேய்த்தார்கள்.

அடுத்தது சூடு. டவுனுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதுவரை கை ஆறக் கூடாது. ஹாட் பாக்ஸில் சூடான பரோட்டாவுக்கு நடுவில் கையை வைத்துக் கொண்டுபோகலாம் என்றார் அண்ணாச்சி. பரோட்டாவில் எண்ணெய் இருக்கிறதே என்று மாஸ்டர் கவலைப்பட்டார். கடைசியில் இட்லி என்று முடிவாயிற்று. இருபத்திநாலு இட்லிக்கு நடுவில் கையைப் புதைத்து, மூடி மூடாததால் மேலே துண்டைச் சுற்றிக் கட்டினார்கள்.

"பாத்திரத்துல என்னய்யா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"கை," என்றார் மாஸ்டர்.

"யாருக்கு?"

"டாக்டரம்மாவுக்கு. சூடா வேணும்னாங்க."

கண்டக்டர் அதற்கப்புறம் அந்த ஸீட் பக்கமே வரவில்லை.

டெஸ்ட் எடுக்கிற அம்மா, கையில் ஒட்டியிருந்த இட்லியைத் துடைத்துவிட்டு ஒயர்களை ஒட்டினார். சுவிட்சை அழுத்தியதும் சுரீர் என்றது. மாஸ்டர் அசைக்காமலே பெருவிரல் தானாகத் துள்ளியது. அண்ணாச்சி வாயைப் பிளந்தார்.

"ஏ வெயிலுமுத்து, பாத்தியா? இந்த மெஷின் ஒண்ணு கல்லுப் பக்கத்துல இருந்தா மாஸ்டரே வேண்டாம் போல. கை மட்டும் போதும்."

மாஸ்டர் மெஷினை முறைத்தார். எதிர்க்கடைக்காரனாவது மனுஷன், இது மெஷின். விடக் கூடாது என்று, கரண்ட் வருவதற்கு முன்னாலேயே அவர் விரலைத் துள்ள வைக்க ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க ஐயா," என்றார் அந்த அம்மா.

"சும்மா இருந்தா வேலை போயிரும்மா."

அதன்பிறகு தசையில் மெல்லிய ஊசியைக் குத்தி, "இப்ப நல்லாத் தளர விடுங்க," என்றார். நாலு பேரும் தளர விட்டார்கள். வெயிலுமுத்து ஸ்டூலில் இருந்து வழுக்கித் தரையில் கிடந்தான். அவனை எழுப்பாமலே டெஸ்ட் முடிந்தது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "நார்மல். நான் சொன்னதுதான். மெஷினுக்குத் தெரியலைங்கிறதால உங்களுக்கு மதமதப்பு இல்லைன்னு ஆயிராது. பட்டையைக் கழட்டாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் இட்லியைத் தின்றுகொண்டே இதைப் பற்றி விவாதித்தார்கள்.

"கை மதமதன்னு இருக்கையில டெஸ்ட் எடுத்தோம்," என்றான் பிச்சாண்டி. "நார்மல்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்ப என்ன அர்த்தம்? மதமதன்னு இருந்தாத்தான் நார்மல்."

அண்ணாச்சி தன் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். மதமதப்பு இல்லை. கொஞ்சம் பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் கையைப் பையில் விட்டுக்கொண்டார். மாஸ்டருக்கோ சந்தோஷத்தில் கண் கலங்கியது. கல் தப்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. நாலு நாள் பட்டை கட்டி, வேலை செய்யாமல் கிடந்த கை. மாவு பறந்தது, விரிந்தது, சொன்ன இடத்தில் வந்து விழுந்தது. முந்நூறு பரோட்டா ஒரே மூச்சில் முடிந்தது. கொடைக்காரர்கள் கூடையோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். முந்நூற்று ஒன்றாவது உருண்டையை எடுத்த மாஸ்டர் அப்படியே நின்றார். விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மதமதப்பைக் காணோம்."

"நல்லாப் பாரும் வே. இடது கையில இருக்கா?"

"ரெண்டுலயும் இல்ல."

பிச்சாண்டி டீ ஆற்றுவதை நிறுத்தினான். "மதமதத்த கைக்குத்தான் நார்மல்னு ரிப்போர்ட் இருக்கு. இந்தக் கைக்கு ஒண்ணும் கிடையாது. இதை வச்சுச் சுட்டு, நாளைக்கு ஊர்ல யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

அடுப்பை அணைத்தார்கள். கூடைக்காரர்கள் போட்ட கூச்சலைக் காதில் வாங்காமல், மாஸ்டரைக் கைத்தாங்கலாகப் பிடித்து பஸ் ஏற்றினார்கள்.

டாக்டரம்மா அவர்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "இப்ப என்ன செய்யுது?"

"ஒண்ணுமே செய்யலைம்மா," என்று மாஸ்டர் கையை நீட்டினார். "நேத்து வரைக்கும் நல்லா மதமதன்னு இருந்த கை. இன்னைக்குத் தொட்டா தெரியுது."