கம்பி வலைக்கு அந்தப் பக்கம்

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக நின்ற மனுஷனுக்கு ஓய்வு கொடுத்தால் என்ன ஆகும்? ஆறுமுகநயினார் வீட்டுக்கு டைம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். காப்பி ஆறு நிமிஷம் லேட். மருமகள் குளிக்கப் போனது லேட். பேரன் பள்ளிக்கூடம் கிளம்பியது லேட். மகன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள், "இது வீடுப்பா, பஸ் ஸ்டாண்டு இல்ல" என்று சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான். நயினார் இரண்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மலையடிவாரத்தில் இருந்த உலகம்மையின் ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மனைவி பிரமு அம்மாள் வாசல்வரை வந்தாள்.

உலகம்மைக்கு நாற்பது வயது இருக்கும். இவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் எல்லோரையும் போல இவரும் "அம்மா" என்றே கூப்பிட்டார். நாற்பத்தெட்டு நாள் அங்கே தங்கியவர்கள் காவி கேட்கலாம். கட்டிவிட்டால் பழைய வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நயினாருக்கு அந்த நாள் வர இன்னும் மூன்று நாள் இருந்தது.

அவருக்கு அங்கே கொடுத்திருந்த வேலை, ஓர் ஆமையைப் பார்த்துக்கொள்வது. வீட்டுக்குள் ஆமை நுழைந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்த யாரோ, அதை அட்டைப்பெட்டியில் வைத்து ஆசிரம வாசலில் விட்டுப் போயிருந்தார்கள். நயினார் முதல் வேலையாக அதைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். உலகம்மை ஓடிவந்து தூக்கினாள்.

"இது காட்டாமை ஐயா. தண்ணி குடிக்கும். நீந்தாது."

அன்றிலிருந்து அது தரையில்தான். ஆனால் ஓர் இடத்தில் இருக்கவில்லை. ஆசிரமத்தின் முன்பக்கம் கம்பி வலை அடித்திருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் பஸ் போகிற ரோடு. விடிந்ததும் ஆமை நேரே வலையிடம் போகும். மூக்கால் முட்டும். முன்காலால் பறண்டும். இரண்டடி தள்ளிப் போய் அங்கேயும் முட்டும். செம்பருத்தி இலையைக் கிள்ளிப் போட்டால் அதன் மேலேயே ஏறி நடந்து போய் முட்டும். மூக்கில் தோல் உரிந்துவிட்டது. அந்தப் பறண்டல் சத்தம் நயினாரைப் பாடாய்ப் படுத்தியது.

பறண்டல் நின்றால் பஸ் சத்தம். ஹாரனை வைத்தே அவருக்கு எந்த வண்டி என்று தெரியும். காலை பத்து இருபதுக்கு வரும் டவுன் பஸ் அவருடைய ஊரிலிருந்து வருவது. தியானத்தில் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஹாரன் கேட்டதும் ஒரு கண் திறந்துகொள்ளும். யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பார். நாற்பத்தைந்து நாளாக அவரைத் தேடி யாரும் இறங்கவில்லை. அது அவருக்கு வலித்தது. வலிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்று பஸ் போனதும் எழுந்தார். ஆமையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறந்து, வலைக்கு வெளியே புல்லில் விட்டார்.

"போ. எங்க போகணுமோ போய்த் தொலை."

ஆமை கொஞ்ச நேரம் ஓட்டுக்குள் இருந்தது. பிறகு தலையை நீட்டியது. திரும்பியது. வெளியே இருந்தபடி வலையை முட்ட ஆரம்பித்தது.

நயினாருக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு உலகம்மையிடம் போனார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, உள்ள விட்டா வெளிய போகணும்னு முட்டுது. வெளிய விட்டா உள்ள வரணும்னு முட்டுது. இதுக்கு என்னதான் வேணும்?"

"இதப் பத்திக் கேக்கீயளா, உங்களப் பத்திக் கேக்கீயளா?"

நயினார், "ரெண்டுந்தான்" என்றார். "எல்லாத்தயும் விட்டுட்டு வந்தாச்சு. இன்னும் ஏம்மா மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கு?"

உலகம்மை எழுந்து போய் ஒரு பழைய சாக்கைக் கிழித்தாள். வலையின் அடியோரமாக ஒரு முழ உயரத்துக்கு, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அதைக் கட்டினாள். நயினாரும் குனிந்து முடிச்சுப் போட்டார். முதுகு பிடித்துக்கொண்டது.

"இப்ப விடுங்க" என்றாள்.

ஆமை வழக்கம்போல வலையிடம் போனது. சாக்கின் முன்னால் நின்றது. முட்டவில்லை. சாக்கு ஓரமாகவே கொஞ்ச தூரம் நடந்தது. பிறகு திரும்பி வந்து செம்பருத்தி இலையைக் கடித்தது. ஒரு இலை. இன்னொரு இலை. அப்புறம் செடி நிழலில் போய்க் கால்களை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டது.

நயினார் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"தெரிஞ்சிபோச்சும்மா. கண்ணுக்குத் தெரியுத வரைக்கும்தான் முட்டும். மறைச்சிட்டா அடங்கிரும்."

"ஆமைக்கு அப்படித்தான்."

"எனக்கும் அதான் வேணும். மூணு நாள் எதுக்கு? இன்னைக்கே காவி குடுத்திருங்க. ஆமைக்குச் சாக்கு, எனக்குக் காவி. வலைய மறைச்சிட்டா நானும் ஒரு மூலையில கெடப்பேன்."

"கெடப்பீயளா?"

"கெடப்பேன்."

"பத்து இருபது பஸ் வரும்."

"வரட்டும். நான் பாக்க மாட்டேன்."

"யாரு எறங்குதான்னு?"

நயினார் ரோட்டுப் பக்கம் பார்த்தார்.

"பிரமுவுக்கு முழங்கால் வலி" என்றார். "பஸ்ல ஏற முடியாது. அவ எங்க வரப்போறா."

உலகம்மை கையில் ஒட்டியிருந்த சாக்குத் தூசியைத் தட்டினாள்.

"ஆமைக்கு அந்தப் பக்கம் யாருமில்ல ஐயா. அதான் ஒரு முழச் சாக்கு போதுமா இருந்துச்சு. பிரமு அம்மாள மறைக்க எத்தன முழம் காவி வேணும்னு சொல்லுங்க, நெய்யச் சொல்லுதேன்."