கல்லுமேட்டு அரண்மனையின் தாழ்ப்பாள்

உப்பில்லாச் சாமி சோற்றில் உப்புச் சேர்க்கமாட்டார். அந்தக் குறையைப் பேச்சில் ஈடுகட்டிவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள்.

அவருடைய சீடன் ஆவுடையப்பன். நாற்பத்தைந்து வயது. எண்ணெய்க் கடை, சொந்த வீடு, மனைவி கோமதி, நாலு வயது மகள் என்று எல்லாம் இருந்தவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நடுப்பகலில் அத்தனையையும் விட்டுவிட்டு வந்தான். ஏன் வந்தாய் என்று சாமி கேட்டார். அமைதி வேண்டும் என்றான். எப்படி வந்தாய் என்று அவர் கேட்கவில்லை.

மடத்தில் அவனுக்கு அமைதி கிடைக்கவில்லை. சாமியைப் பார்க்க வருகிறவர்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே ஆவுடையப்பன் எழுந்து வெளியே போய்விடுவான். கல்லுமேட்டில் ஆளில்லாத அரண்மனை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தான். இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது அவன் முகமே மாறியிருந்தது.

"சாமி, மிச்சக் காலத்தை அங்கேயே கழிக்கணும். உத்தரவு கொடுங்க."

"அப்படி என்ன இருக்கு அங்கே?"

"ஒண்ணுமே இல்லை சாமி. அதுதான் அழகு. தர்பார் மண்டபத்துல பாதிக் கூரை இல்லை. வெயில் தூணுக்குத் தூண் நகர்ந்து போகுது. சிம்மாசன மேடையில உடும்பு படுத்திருக்கு. பின்கட்டுல மல்லிகை காடா மண்டிக் கிடக்கு, பறிக்க ஆளில்லை. கட்டடமே சந்நியாசம் வாங்கிட்ட மாதிரி இருக்கு."

மடியிலிருந்து ஒரு கை மல்லிகையை எடுத்து வைத்தான். சாமி அதைத் தொடவில்லை.

"கதவு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

ஆவுடையப்பன் விழித்தான். இடிந்த அரண்மனைக்குப் போகிறவன் தூணைப் பார்ப்பான், சித்திரத்தைப் பார்ப்பான். தாழ்ப்பாளை எவன் பார்ப்பான்?

"கவனிக்கலை சாமி."

"கவனிச்சுட்டு வா. அப்புறம் உத்தரவு தர்றேன்."

வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே போனான்.

முதல் கதவு ராஜாவின் படுக்கையறைக் கதவு. உட்பக்கம் மூன்று தாழ்ப்பாள்கள் துருவேறித் தொங்கின. ஊரையே நடுங்க வைத்தவனுக்குக் கண்ணை மூட மூன்று தாழ்ப்பாள் வேண்டியிருந்திருக்கிறது. ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது, பின்கட்டில் அந்தப்புரக் கதவு. அதற்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். மணிக்கட்டுப் பருமன் இரும்பு. அது இன்னும் போட்டபடியே இருந்தது.

சுவர் சரிந்த இடத்தில் ஏறி உள்ளே இறங்கினான். கதவின் உட்பக்கம், இடுப்பளவுக்குக் கீழே, மரம் முழுதும் சுரண்டப்பட்டிருந்தது. ஓரிடத்தில் துளையே விழுந்து விரல் நுழையும் அளவு வெளிச்சம் வந்தது. காலடி மண்ணில் கண்ணாடி வளையல் துண்டுகள். ஒரு வளையல் மட்டும் உடையாமல் கிடைத்தது. அது அவனுடைய மூன்று விரல்களுக்கு மேல் ஏறவில்லை.

வெளியே வந்தபோது ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி அவனைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"அதுக்குள்ளயா இறங்கினீங்க? நாங்க ஆட்டைக்கூட விடமாட்டோமே!"

"இது யார் போட்ட தாழ்ப்பாள்மா?"

"ராஜா போட்டது. படைக்குப் போறப்போ தன் கையாலயே போட்டுட்டுப் போவாராம். வந்து அவரேதான் திறக்கணும். வேற எவன் தொட்டாலும் தலை போயிரும்."

"திரும்பி வரலையா?"

"தோத்துட்டாரு. அப்படியே மலைக்கு அந்தப் பக்கம் ஓடிட்டாரு. அங்கே நல்லா வயசாகித்தான் செத்தாருன்னு சொல்லுவாங்க."

"அரண்மனையில அத்தனை சேவகர்கள் இருந்திருப்பாங்களே?"

"அவங்களும் ஓடினாங்க. முன்னால ஓடினவன், பின்னால வர்றவன் திறப்பான்னு நினைச்சான். பின்னால வந்தவன், முன்னால போனவன் திறந்திருப்பான்னு நினைச்சான்."

"சத்தம் கேட்டிருக்குமே."

"கேட்டிருக்கும்" என்றாள். பிறகு, "இந்த மல்லிகை உள்முற்றத்துல வேர்விட்டதுங்க. எங்க ஊர்ல யாரும் இதைத் தலையில வைக்கமாட்டோம்" என்று சொல்லி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

மடத்தில் முதலில் கொண்டுவந்த பூ வைத்த இடத்திலேயே வாடிக் கிடந்தது. அதன் பக்கத்தில் வளையலை வைத்து, பார்த்ததையும் கேட்டதையும் ஆவுடையப்பன் சொன்னான்.

"மனுஷனா சாமி அவன்? பச்சைப் பிள்ளையை உள்ளே வெச்சுப் பூட்டிட்டு, எங்கேயோ போய் நிம்மதியா வாழ்ந்திருக்கான். பாவி."

"உத்தரவு கேட்டியே?"

"வேண்டாம் சாமி. அங்கே என்னால ஒரு நிமிஷம் இருக்க முடியாது. இங்கேயே இருந்துடறேன்."

சாமி வளையலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பதினோரு வருஷமாகக் கேட்காததைக் கேட்டார்.

"அன்னைக்கு நீ வீட்டை விட்டு எப்படி வந்தே?"

ஆவுடையப்பன் வாடிய பூவை ஓரமாகத் தள்ளினான்.

"கோமதி அடுக்களையில மாவு ஆட்டிக்கிட்டிருந்தா. பிள்ளை தூங்கிக்கிட்டிருந்தது. தெரிஞ்சா ரெண்டு பேரும் ஓடி வந்து காலைக் கட்டிக்குவாங்க. எங்க வீட்டுக்கு ஒரே வாசல்தான் சாமி."

"அதனால?"

"வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டு வந்தேன்."

"யார் திறந்தா?"

"பக்கத்து வீட்டுல ஆள் உண்டு சாமி. தெருவுல போறவங்க வர்றவங்க உண்டு. யாராவது திறந்திருப்பாங்க."

சாமி வளையலை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்த ராஜாவும் அப்படித்தான் நினைச்சிருப்பான்."