ஜமீன் நாய் ஆள் மாற்றிய கதை

ஏரிக்கரைக் குணவதி வீட்டில் ஜமீன் என்றொரு செவலை நாய் இருந்தது. வேளாவேளைக்குச் சோறு, படுக்கச் சாக்கு, கழுத்தில் சிவப்புப் பட்டை. வேலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. மார்கழி பிறந்தால் மட்டும் அதற்குத் தலைகால் புரியாது. சுவரேறிக் குதித்து ஓடும். கடிபட்டு நொண்டிக்கொண்டு தையில்தான் திரும்பும்.

அதன் புண்ணியத்தில் கரை முழுக்கச் செவலைக் குட்டிகள். அதுகள் எதைத் தின்னும் என்று ஜமீன் ஒரு நாளும் யோசித்ததில்லை. என் வம்சம் எப்படிப் பெருகுது பார் என்று பக்கத்து வீட்டுச் சேவலிடம் பீற்றிக்கொள்வதோடு சரி.

குணவதியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணினால்தான் எனக்கு நிம்மதி என்று சொல்லி, மறுநாள் காலை மாட்டாஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லி வைத்தாள்.

ஜமீன் அதைக் கேட்டுவிட்டது. சேவலிடம் ஓடியது. சேவலுக்கு ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. குரைப்பு கீச்சுக் குரலாகிவிடும், வால் ஆடாது, எலிகூட மதிக்காது என்று அளந்து விட்டது.

"அப்போ என் மானம்?" என்றது ஜமீன்.

"கப்பலேறிடும்" என்றது சேவல்.

ஜமீன் விழுந்தடித்துக்கொண்டு கரைக்கு ஓடியது. அங்கே வத்தல் என்ற இளவட்ட நாய் தவளைக்குக் காத்துக் கிடந்தது. நிறம், மூக்கு, வால் எல்லாம் அச்சு அசல் ஜமீன். உடம்பில் சதைதான் இல்லை.

"மகனே!" என்றது ஜமீன்.

வத்தல் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அதை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, பாவம்.

ஒரே ஒரு நாள் என் பட்டையை மாட்டிக்கொண்டு என் வீட்டில் இரு, முட்டைச் சோறு கிடைக்கும், அப்புறம் மாறிக்கொள்வோம் என்றது ஜமீன். ஆபரேஷனைப் பற்றி மூச்சு விடவில்லை.

"என்னப்பா, திடீர்னு இவ்வளவு பாசம்?"

"பெத்த மனசுடா" என்றது ஜமீன், கொஞ்சமும் கூசாமல்.

காலையில் ஆட்டோக்காரர் அவசரப்படுத்த, குணவதி சிவப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். ஜமீன் புதருக்குள் உருண்டு உருண்டு சிரித்தது.

சாயங்காலம் ஆட்டோ திரும்பியது. "ஒரே ஊசியில பிள்ளை எப்படி இளைச்சுட்டான் பாரு!" என்று குணவதிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பாயிலேயே படுக்க வைத்தாள். முட்டை, பால்சோறு, ஈரல் என்று ஊட்டினாள். இரண்டு நாளில் வத்தல் எழுந்து, தெருவே அதிரும்படி குரைத்தது. வாலும் ஜோராக ஆடியது. சேவல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டது.

ஜமீன் சுவரோரம் வந்து, போதும், பட்டையைக் கழற்றிக் கொடு என்றது.

வத்தல் முட்டையை மென்றுகொண்டே சொன்னது: "பட்டையைத் தந்துடலாம்ப்பா. இந்தத் தையலை எப்படித் தர்றது?"

ஜமீன் ஆத்திரத்தில் சோற்றில் பாய்ந்தது. குணவதி விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். எந்தத் தெருநாய் என் பிள்ளை தட்டில் வாய் வைக்கிறது என்று விரட்டியதில், ஜமீன் கரைக்குப் போய்த்தான் நின்றது. ஆபரேஷன் பண்ணியதும் என்ன சாதுவாகிவிட்டான், சுவரேறிக் குதிப்பதே இல்லை என்று குணவதி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

கரையில் ஜமீனுக்கு ஒரு மீன் தலை கிடைத்தது. வாயில் வைப்பதற்குள் செவலைக் குட்டிகள் சூழ்ந்துகொண்டன. எல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தன.

"அப்பா, எங்களுக்கு?"

ஜமீன் மீன் தலையைக் கீழே வைத்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அதற்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் ஊராட்சியின் நாய் வண்டி வந்து, வலை வீசி, ஜமீனை அள்ளிக்கொண்டு போனது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே ஆபரேஷன். காது நுனியில் அடையாளத்துக்கு ஒரு வெட்டும் வெட்டி, காயம் ஆறியதும் கரையிலேயே இறக்கிவிட்டார்கள். பாயும் இல்லை, பால்சோறும் இல்லை.

நல்லதுக்கு வருகிற வலியை அடுத்தவன் தலையில் கட்டினால், சுகம் அவனோடு போய்விடும், வலி மட்டும் நம்மைத் தேடி வந்து சேரும்.