சத்தம் போடாத கேமரா

பெல்சியா டீச்சரிடம் கேள்வி கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பதில் சொல்வதற்கு முன்னால் நம்மை ஏதாவது செய்ய வைத்துவிடுவார். பாளையங்கோட்டையில் சனிக்கிழமை காலையில் அவருடைய கேமரா வகுப்பு. நாங்கள் ஏழு பேர். அதில் டீச்சரைவிட வயதில் மூத்தவர் தளவாய் அண்ணாச்சி ஒருத்தர்தான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று இருபத்திரண்டு வருஷம் படம் எடுத்த மனுஷன். டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் படிக்க வந்த இடத்தில் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

அன்றைக்குக் கேமராப் பையை மேஜைமேல் வைத்தவர் உட்காரவே இல்லை.

"டீச்சர், இந்த மிரர்லெஸ் கேமரா வந்து பழைய டிஎஸ்எல்ஆரை மொத்தமா ஒழிச்சிருமா?"

"ஏன் அண்ணாச்சி?"

"ஒழிச்சிரும்னா நானும் இதோட நிப்பாட்டிக்கிடுதேன்."

சொல்லும்போதே குரல் உடைந்துபோனது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "முதல்ல உக்காருங்க. என்ன நடந்துச்சு?" என்றார்.

நடந்தது இதுதான். போன மாதம் அவருடைய டிஎஸ்எல்ஆரில் உள்ளே இருக்கிற கண்ணாடி சிக்கிக்கொண்டது. ரிப்பேர்க் கடைக்காரர், "இதுக்கு இனி பார்ட்ஸ் வராது" என்று கையை விரித்துவிட்டார். மகள் ஆசையாக, அந்தக் கண்ணாடியே இல்லாத புது மிரர்லெஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். குழந்தைகள் பயப்படக் கூடாது என்று, படம் எடுக்கும்போது வருகிற சத்தத்தையும் அவளே நிறுத்தி வைத்தாள். அதை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி போன ஞாயிற்றுக்கிழமை சாஸ்தா கோயிலில் ஒரு காதுகுத்துக்குப் போனார்.

மொட்டை போட்டு, சந்தனம் பூசி, குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். காது குத்த வந்தவர், இருபது வருஷமாக அண்ணாச்சி போகிற இடமெல்லாம் வருகிற அதே ஆசாரி. குத்துவதற்கு முன் ஊசியைக் காதில் வைத்து ஒரு நொடி நிறுத்துவார். அண்ணாச்சி படம் எடுப்பார். கேமராவில் டக் என்று சத்தம் கேட்டதும் ஆசாரி குத்துவார். இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஒருநாளும் தவறினதும் இல்லை.

அன்றைக்கும் ஆசாரி ஊசியை வைத்தார். அண்ணாச்சி எடுத்தார். சத்தம் வரவில்லை. ஆசாரி காத்திருந்தார். அண்ணாச்சியோ, இவர் ஏன் இன்னும் குத்தவில்லை என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தை சும்மா இருக்குமா? தலையைத் திருப்பியது. ஊசி கீறி ரத்தம் வந்துவிட்டது. தாய் அலறினாள். அழுகிற பிள்ளையைப் பிடித்து எப்படியோ ஒரு காதைக் குத்தினார்கள். இன்னொரு காதைத் தொடவே விடவில்லை.

"ஆசாரி அத்தனை பேர் முன்னாடி, 'படம் எடுக்கத் தெரியாதவனை எல்லாம் ஏன் கூப்பிடுதீங்க'ன்னு கத்திட்டாரு டீச்சர். வர்ற வெள்ளிக்கிழமை வீட்டுல வச்சு அடுத்த காதைக் குத்துதாங்க. பிள்ளையோட அம்மா என்னையத்தான் வரச் சொல்லுது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். அந்தப் பிள்ளை மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

டீச்சர், "டிஎஸ்எல்ஆர் போயிரும் அண்ணாச்சி. நாளாகும். ஆனா போயிரும்" என்றார்.

அடப்பாவமே, இவ்வளவு பட்டென்றா சொல்வது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அண்ணாச்சி பையை எடுக்கக் கை நீட்டினார்.

"இருங்க. போறதுக்கு முன்னாடி என்னை ஒரு படம் எடுத்துட்டுப் போங்க."

டீச்சர் ஜன்னல் பக்கம் போய் நின்று சிரித்தார். அண்ணாச்சி புதுக் கேமராவை எடுத்து, கண்ணில் வைத்து, இறக்கினார்.

டீச்சர் சிரித்தபடியே நின்றார்.

அண்ணாச்சி லென்ஸை மூடினார். டீச்சர் சிரிப்பை விடவில்லை. அண்ணாச்சி கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பையும் இழுத்தார். டீச்சர் பல்லைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"டீச்சர், எடுத்து எவ்வளவு நேரமாச்சு!"

"அப்படியா? கன்னம் வலிக்குது அண்ணாச்சி. எனக்கு யார் சொன்னா?"

அண்ணாச்சி பையைத் திரும்பிப் பார்த்தார்.

"பழைய கேமரான்னா சத்தமே சொல்லிரும், டீச்சர்."

"ஆமா. இருபத்திரண்டு வருஷம் அதுவே சொல்லிருச்சு."

அண்ணாச்சி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இதுலயும் சத்தம் வரவைக்க வழி இருக்குன்னு மக சொன்னா" என்றார்.

"இருக்கு. வச்சுத் தரட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை."

அண்ணாச்சி பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆசாரி ரொம்பக் கோவமா இருக்காரு டீச்சர்" என்றார் கடைசியில்.

"பேசிப் பாத்தீங்களா?"

"என்னத்தைப் பேச? நாங்க பேசிக்கிட்டதே கிடையாது."

"நம்பர் இருக்கா?"

அண்ணாச்சி செல்போனை எடுத்துத் தேடிக் காட்டினார். டீச்சர் எட்டிப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். 'காதுகுத்து ஆசாரி' என்று இருந்தது.

"அவர் பேர் என்ன அண்ணாச்சி?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடினார். இருபது வருஷம், எத்தனை காதுகள், எத்தனை கோயில்கள்! மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தெரியாது டீச்சர்."

"போடுங்க போனை."

"போட்டு? மன்னிப்புக் கேக்கவா?"

"அது உங்க இஷ்டம். வெள்ளிக்கிழமை அவர் ஊசியை வச்சுட்டு உங்களைப் பாப்பாரு. 'எடுத்தாச்சு, குத்துங்க'ன்னு சொல்லணும்னா பேர் சொல்லித்தானே கூப்பிடணும். அதைக் கேளுங்க."