இரண்டாம் தடவை கேட்டது

முதலில் கெடுதல் செய்தவன் சிவசண்முகம். யாரிடம் எதைப் பேச ஆரம்பித்தாலும் ஆறுச்சாமி இதைத்தான் முதலில் சொல்வார். வேறு எந்தச் சிவசண்முகத்தின் மீதும் பழி போய்விடக் கூடாது என்று இனிஷியலையும் சேர்த்துச் சொல்வார்.

ஆறுச்சாமி எட்டாவதோடு நின்றவர். கோயமுத்தூரில் மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தவள் கோகிலவாணி. சீடர் மூத்தவர், குரு இளையவள். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மணி என்பார். கோபம் வந்தால் மட்டும் குருவே என்பார்.

கம்ப்யூட்டரின் அடிமடியில் ஓடுவது கெர்னல். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் மெயிலிலேயே பேசி, மெயிலிலேயே சண்டை போட்டு அதைப் பராமரிக்கிறார்கள். ஒவ்வொரு சிப்போடும் பேசுவதற்கு அதில் ஒரு துண்டு உண்டு, டிரைவர் என்று பெயர். ஆறுச்சாமியின் பொறுப்பில் இருந்தது ஒரு கடிகாரச் சிப்பின் டிரைவர். கரண்ட் போனாலும் பொத்தான் பேட்டரியைப் பிடித்துக்கொண்டு நேரத்தை ஓட்டுகிற சிப் அது. கடிகார டிரைவர்களுக்கெல்லாம் இப்போது கோகிலவாணிதான் தலைமை. அவள் வாங்கினால்தான் ஒரு திருத்தம் உள்ளே போகும்.

அந்தச் சிப்புக்கு ஒரு கோளாறு இருந்தது. மணியைத் தனியாகவும் நிமிஷத்தைத் தனியாகவும்தான் சொல்லும். மணி மாறுகிற நொடியில் கேட்டுவிட்டால் போச்சு. பத்து மணி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பதினொன்று பிறந்துவிடும். அடுத்து நிமிஷம் பூஜ்யம் என்று சொல்லும். கேட்டவன் பத்து மணி என்று எழுதிக்கொள்வான். ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும்.

ஆறுச்சாமி அதற்கு ஒரு வழி வைத்தார். ஒரு தடவை கேள். உடனே இன்னொரு தடவை கேள். இரண்டும் ஒத்தால் நம்பு. ஒக்காவிட்டால் திரும்பக் கேள்.

அப்போது தலைமையில் வேறொருவர் இருந்தார். அந்தக் காலத்தில்தான் சிவசண்முகம் வந்தான். பெரிய படிப்பு, பெரிய கம்பெனி. சுத்தம் செய்கிறேன் என்று டிரைவரைத் திருப்பி எழுதினான். இரண்டாம் கேள்வி வெட்டி வேலை என்று எடுத்துவிட்டான். எழுதியவர் பெயர் கோப்பின் தலையில் இருக்கும். அங்கே ஆறுச்சாமியை அழித்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். புகார் யாருக்குப் போக வேண்டும் என்று இன்னோர் இடத்தில் ஒரு பெயர் இருக்கும். அதில் மட்டும் அவன் கை வைக்கவில்லை.

மாலை விழுகிற இடத்தில் அவன். செருப்பு விழுகிற இடத்தில் இவர்.

செருப்பும் விழத் தொடங்கியது. தோட்டத்து மோட்டாரை நேரம் பார்த்து ஓட்டுகிற பெட்டிகளில் அந்தச் சிப்தான் இருந்தது. நேரம் பின்னால் போனது, புகார் வந்தது. ஆறுச்சாமி ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. எழுத வேண்டியவன் எழுதட்டும் என்று இருந்துவிட்டார்.

கெட்டுக் கிடக்கிற டிரைவரைத் திருத்த ஆள் வராவிட்டால் அதையே அழித்துவிடுவது கெர்னல் வழக்கம். இந்தத் தடவை பட்டியலில் அவருடைய டிரைவர் இருந்தது. சாயங்காலத்தோடு திருத்தம் வாங்கும் வாசல் மூடுகிறது. அன்றுதான் அவர் மோட்டார் காயில் சுற்றும் பட்டறைக்கு மேலே, கோகிலவாணியின் அறைக்குப் படியேறினார்.

"வாங்ண்ணா. திருத்தம் எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சுங்க."

அவள் மடிக்கணினியில் திறந்து படித்தாள். திருத்தம் ஒரு கை அகலம்கூட இல்லை. அதற்கு மேலே காரணம் என்று அவர் எழுதியிருந்தது பக்கம் பக்கமாகப் போனது.

"புரோகிராம் சரியா இருக்குதுங்ண்ணா. மேல இருக்கறதுதான்..."

"காரணம் எழுதாத திருத்தம் அப்பன் தெரியாத கழுதைக்குட்டின்னு நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க?"

"காரணம் எழுதச் சொன்னேன். இதுல சிவசண்முகத்தோட அப்பா, தாத்தா எல்லாம் வர்றாங்களே."

"நாத்தைச் சொல்லாம பயிரைச் சொல்ல முடியுங்களா?"

"இதை நான் உள்ள எடுக்க முடியாது. எந்த மாத்தத்துல கெட்டுதுன்னு ஒரே ஒரு வரி. அது வழக்கம், அது இருக்கட்டும். மிச்சத்தை எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டனுங்க. ஆறுச்சாமி வெச்சதை நான்தான் வெட்டுனேன்னு, எல்லாரும் பாக்கற மெயில்ல அவன் ஒரு வரி எழுதட்டும். அப்புறம் எடுக்கறேன்."

"சாயங்காலம் டிரைவரே போயிருமுங்ண்ணா."

"போகட்டும். அவன் பேரும் சேந்து போகுமில்ல."

கோகிலவாணி கைபேசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சேவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் குரலில் அனுப்பியிருந்த புகார் அது.

"த்ரீ பேஸ் கரண்ட் வந்து ஒரு மணி நேரம் களிச்சுத்தான் மோட்டார் எந்திரிக்குது. கடைசிப் பாத்திக்குத் தண்ணி போறதில்ல. வெங்காயம் பூராத்தும் காஞ்சு போச்சு. ஏப்பா ஆறுச்சாமி, உம்பேரைத்தான் போட்டிருக்குது, நீயெல்லாம்..."

அந்த இடத்தில் அவள் நிறுத்தினாள்.

"ஏனுங்க நிறுத்தீட்டீங்க? அப்புறம் எங்காத்தாளை இளுப்பான். எனக்கும் வந்துது. அதையும் சிவசண்முகம் கணக்குலதான் சேத்து வெச்சிருக்கறேன்."

அப்போது மின்விசிறி நின்றது. மேஜைமேல் அந்தச் சிப்போடு ஓடிக்கொண்டிருந்த சோதனைப் பலகையும் விளக்கணைந்து இருண்டது.

ஆறுச்சாமி கையை உயர்த்தினார்.

"வேண்டாமுங்க, குருவே. கரண்டைப் புடுங்கிட்டு, யாரும் கேக்காட்டியும் உள்ள கடியாரம் ஓடுது பாருன்னு சொல்லப் போறீங்க. நீயும் அப்படி இருன்னு சொல்லப் போறீங்க. அந்தப் பாடம் எனக்கு வேண்டாம்."

"பாடமில்லைங்ண்ணா. பவர் கட்."

கீழே பட்டறையில் பையன்கள் விசிலடித்தார்கள். மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும் அவர்கள் இருவர் முகத்திலும் இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் கோகிலவாணி. "சிப் நேரத்தைத் தப்பாச் சொல்லுது. செஞ்ச கம்பெனி ஒத்துக்கிச்சா?"

"இல்லைங்க."

"சிப் ஒத்துக்கிச்சா?"

"சிப் எப்படீங்க ஒத்துக்கும்?"

"அப்புறம் எதுக்கு ராப்பகலா உக்காந்து அதைத் திருத்துனீங்க?"

"சிப் எம்பேரை அழிக்கலீங்களே."

ஆறுச்சாமிக்கு அன்று கிடைத்த ஜெயம் அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அவர்கிட்ட நான் கேட்டேன்."

"யாருகிட்டீங்க?"

"சிவசண்முகம்கிட்ட. நான் தலைமைக்கு வந்த புதுசுல. ஆறுச்சாமி வெச்ச ரெண்டாவது கேள்வியை எதுக்கு எடுத்தீங்கன்னு எழுதுனேன்."

ஆறுச்சாமியின் நாற்காலி முன்னால் நகர்ந்தது.

"என்ன சொன்னானுங்க?"

"ஆறுச்சாமி யாருன்னு கேட்டார்."

அவர் சிரித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நடிக்கறானுங்க, அம்மணி! திருடனுக்குத் தேள் கொட்டுனா வாயைத் தொறப்பானுங்களா? தெரியாத மாதிரியே இருப்பான். உள்ளுக்குள்ள வேகும், தூக்கம் வராது. எனக்குத் தெரியாதா அவனை? இதை ஏன் இத்தனை நாளா எங்கிட்டச் சொல்லலை?"

"ஒரு தடவை கேட்டதை நம்பக் கூடாதுன்னு நீங்கதானுங்ண்ணா எழுதி வெச்சிருந்தீங்க."

"ஆமா. அதுக்கு?"

"அதனால சொல்லலை. இன்னிக்குக் காலையில மறுபடி கேட்டேன்."

ஆறுச்சாமி சிரிப்பதை விட்டார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னானுங்க?"

"ஆறுச்சாமி யாருன்னு கேட்டார்."

கீழே விசில் சத்தமும் அடங்கிவிட்டிருந்தது.

இத்தனை வருஷமும் அவர் ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். படுக்கும்போது இழுத்தார், சாப்பிடும்போது இழுத்தார், பேத்தியின் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்தும் இழுத்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சிவசண்முகமும் எங்கோ தூங்காமல் நிற்கிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். எழுதியிருந்ததை அடியிலிருந்து மேலே அழித்துக்கொண்டு போனார். தாத்தா போனார், அப்பா போனார், பெரிய கம்பெனி போனது. எந்த மாற்றத்தில் கெட்டது என்று சொல்லும் அந்த ஒரு வரி மட்டும் நின்றது. அனுப்பினார்.

கோகிலவாணி அதை வாங்கி உள்ளே சேர்த்தாள்.

"சேவூர்க்காரருக்கு நான் சொல்லிடறேன்."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து கதவு வரைக்கும் போனார். படியில் ஒரு காலை வைத்தவர் நின்றார்.

"அம்மணி."

"சொல்லுங்ண்ணா."

"அப்ப, அவன் எனக்குக் குடுக்க வேண்டியது?"

கரண்ட் இன்னும் வரவில்லை. இருண்டு கிடந்த பலகையைக் கோகிலவாணி பார்த்தாள்.

"அது உள்ள ஓடிட்டேதான் இருக்குமுங்ண்ணா. கேக்கத்தான் ஆளில்லை."