நீதிபதி வர மறுத்த விழா

“நன்றி கெட்ட உலகம் சார் இது,” என்றபடி உள்ளே வந்தார் தலைமை ஆசிரியை மங்களேஸ்வரி.

முத்திருளாண்டி சார் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியிருந்தார். மங்களேஸ்வரி அவரிடம் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தவர். மனசு கொதித்தால் இன்னமும் இங்கேதான் வந்து கொட்டுவார்.

“உக்காரு. யாரு என்ன செஞ்சா?”

“பொன்விழாவுக்குப் பழைய பிள்ளைங்களக் கூப்பிட்டோம்ல சார். கப்பல் கேப்டன் ஆரோக்கியம் லீவு போட்டுட்டு வர்றான். சினிமாவுல சவுண்ட் இன்ஜினீயரா இருக்கிற காதர் மைதீன் வர்றான். போன மாசம் கபடியில மெடல் வாங்கின முனீஸ்வரி வர்றா. கடல்பாசி ஆராய்ச்சிக்குப் பரிசு வாங்கினானே தனுஷ்கோடி, அவன் ஜப்பான்ல இருந்து வீடியோ அனுப்பியிருக்கான்.”

“சந்தோசம்.”

“இந்த அமலோற்பவம் மட்டும் வரமாட்டாளாம். நீதிபதி ஆயிட்டாளாம், அந்தத் திமிரு.”

“வேலை இருக்கும்.”

“அப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன் சார் இங்க வந்து நிக்கிறேன்? வாசல் பேனர்ல இருந்து என் படத்த எடுங்கன்னு போன்ல சொல்றா. ‘என்னை அனுப்பின பள்ளிக்கூடம் உங்களது, படிக்க வச்ச பள்ளிக்கூடம் வேற’ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டா. ஒன்பது வருசம் நம்மகிட்ட படிச்சவ சார் அவ.”

சார் தைலப் புட்டியை மூடினார்.

“பத்தாவது எங்க படிச்சா?”

“கவர்மெண்ட் ஸ்கூல்ல.”

“ஏன்?”

மங்களேஸ்வரி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

“கணக்கு வரல சார் அவளுக்கு. பத்தாவதுல நாம நூத்துக்கு நூறு தேர்ச்சி காட்டணுமே. அதனால ஒன்பதாவது முடிஞ்சதும் டி.சி. குடுத்தோம்.”

“அவங்களா விரும்பிப் போனதாத்தான எங்கிட்ட சொன்ன.”

“டி.சி.யில அப்படித்தான் சார் எழுதுவோம். ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’னு. ஊர்ல நடக்காததா? வருசா வருசம் செய்யறதுதான். ஸ்டாஃப் ரூம்ல இதுக்குப் புடைக்கிறதுன்னே பேரு.”

புடைக்கிறதாம். முறத்தில் அரிசியைப் போட்டுப் புடைக்கலாம். பதினான்கு வயதுப் பிள்ளையைப் புடைக்க இவர்கள் யார்? அழுத தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதற்கு விருப்பம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளை வேறெங்கோ போய்த் தட்டுத் தடுமாறி எழுந்து நின்றதும், எங்கள் பிள்ளை என்று வாசலில் பேனர் கட்டினார்கள். கொஞ்சமும் கூச்சம் இல்லை.

சார் தைலப் புட்டியைத் தள்ளி வைத்தார்.

“இந்த வருசம் யாரு?”

“ஒரே ஒரு பிள்ளைதான் சார். பூமயில்னு பேரு. ஆபீஸ் பெஞ்சுல அம்மாவோட உக்காந்திருக்கா. நான் போய்க் கையெழுத்துப் போட்டா கிளம்பிடுவாங்க.”

சார் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, செருப்பைக்கூடத் தேடாமல் நடக்கத் தொடங்கினார்.

“சார், வெயிலு,” என்று மங்களேஸ்வரி பின்னால் ஓடினார்.

ஏப்ரல் மாத வெயில். மைதானம் முழுக்க விழாவுக்குக் கால் நட்டுப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சார் யாரையும் பார்க்கவில்லை.

ஆபீஸ் பெஞ்சில் இருந்த தாயும் மகளும் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். தாயின் கண்கள் வீங்கியிருந்தன.

“ஒரு வருசம் மட்டும் பாருங்கய்யா,” என்றாள் தாய். “டியூசன் வச்சிருக்கேன். எப்படியாவது பாஸ் பண்ணிருவா. இங்கேயே இருக்கணும்னு ராத்திரியெல்லாம் அழுகுறாய்யா.”

சார் பூமயிலின் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் கூப்பினார்.

“அம்மா, நீங்க பெரிய ஆளானதும் எங்க விழாவுக்கு வரணும்.”

பூமயில் பயந்துபோய் அம்மாவின் பக்கம் நகர்ந்தாள்.

“நானா சார்? எதுக்கு?”

“மேடையில உக்கார வைப்போம். மாலை போடுவோம். வாசல்ல பெருசா உங்க படம் வைப்போம். எங்க பள்ளியில படிச்சவங்கன்னு கீழே எழுதுவோம்.”

“சார், பிள்ளை முன்னாடி இதெல்லாம் எதுக்கு,” என்றார் மங்களேஸ்வரி, மெல்லிய குரலில்.

சார் அசையவில்லை. கூப்பிய கைகளை இறக்கவும் இல்லை.

பூமயில் அவரைப் பார்த்தாள். பிறகு தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். அவளுக்கு யாரையும் குத்திக்காட்டத் தெரியாது. புரியாததைக் கேட்டாள், அவ்வளவுதான்.

“டி.சி. குடுத்து அனுப்பினவங்க படத்தையுமா டீச்சர் வைப்பீங்க?”

முத்திருளாண்டி சார் அப்போதுதான் மங்களேஸ்வரி பக்கம் திரும்பினார்.

“நீதிபதி கேக்குறாங்க. பதில் சொல்லு.”