பந்தியில் ஒரு வெற்று இலை

விருந்துக்கு வந்த வெளிநாட்டு வணிகர் மூவருக்கும் இலை போட்டாயிற்று. கப்பல் உடைந்து கரையொதுங்கிய பர்மாக்கார மாலுமியை நாளைக்கு அடிமையாக விற்கப்போவதாகத் துறைமுக அதிகாரி செண்பகராயர் பெருமையடித்தார். பரிமாற வந்த மாரிக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“எந்த ஊரு நியாயங்க ஐயா இது?”

“நியாயம் ஊருக்கு ஊர் வேறடி! இதோ அரபுக்காரர், சீனர், ஒல்லாந்துக்காரர். மூணு பேருக்கும் மூணு சாமி. மூணு பேரும் ஒத்துக்கிற ஒரே ஒரு நியாயத்தைக் காட்டு, அவனை விட்டுடறேன். இல்லேன்னா உன்னையும் சேர்த்து விப்பேன்.”

“அவனையும் பந்தியில உட்கார வைக்கலாமுங்களா?”

“வை, வை!” என்று சிரித்தார் ராயர்.

மாலுமியைக் கடைசியில் உட்காரவைத்து இலை போட்டாள். எல்லோருக்கும் சோறும் மீன்குழம்பும் பரிமாறினாள். அவன் இலையை மட்டும் வெறுமனே விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ராயர் பிசைந்து நாலு வாய் அள்ளிப் போட்டார். பக்கத்தில் சத்தமே இல்லை. நிமிர்ந்தார். மூவரும் சோற்றைத் தொடாமல் அந்த வெற்று இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாப்பிடுங்க!” என்று சைகை காட்டினார். யாரும் அசையவில்லை. அரபுக்காரர் தன் இலையை மாலுமி பக்கம் நகர்த்தினார்.

“இவங்ககிட்ட என்னடி சொன்னே?”

“அவங்க பாஷை எனக்கு ஏதுங்க ஐயா? பக்கத்து இலை காலியா இருக்கறப்போ யாருக்கும் சோறு இறங்கலை. உங்க ஒருத்தருக்குத்தான் இறங்குச்சு.”

ராயரின் கவளம் வாயருகிலேயே நின்றது. குழம்பு முழங்கையில் வழிந்தது.

“அவனைப் போகச் சொல்லு” என்றார்.

“சாப்பிட்டுட்டுப் போவாருங்க” என்றாள் மாரிக்கண்ணு.